ஹைபிரிட் கார் வாங்கலாமா? கடைக் கணக்கில் ஒரு பதில்

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது என் சகோதரியின் மகன் எனக்காகக் காத்திருந்தான். பக்கத்து ஊரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறான். கையில் நான்கைந்து கார்களின் விலை எழுதிய ஒரு துண்டு.

“மாமா, ஹைபிரிட் ஒன்று எடுக்கப் பார்க்கிறேன். நீங்க பன்னிரண்டு வருஷத்துக்கு மேலா ஓடுறீங்க தானே. எடுத்தா சரியா?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. “உன்னுடைய கார் மாதத்துக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?” என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. சீமெந்து மூட்டையில் எத்தனை ரூபா நிற்கும் என்று தூக்கத்திலும் சொல்லக்கூடியவன், தன் காரின் கணக்கைப் பார்த்ததே இல்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். அதற்கு நான் கொடுத்த விலையையும் பின்னர் கற்றுக்கொண்ட கணக்கையும் நம்முடைய வியாபாரிகளுக்காக இங்கு எழுதுகிறேன்.

நான் செய்த பிழை

எனக்கு அக்குறணையில் புடவைக் கடை. கொள்முதலுக்காகப் புறக்கோட்டைக்குப் போய் வர சுமார் 250 கிலோமீற்றர். வாரத்தில் ஒரு தடவை, சில வாரங்களில் இரண்டு தடவை போவேன்.

2013 இல் நம் வீதிகளில் ஹைபிரிட் கார்கள் பெருகிக்கொண்டிருந்தன. என் கடைக்கு எதிர்க் கடைக்காரர் ஒன்று எடுத்தார். ஒரு நாள் என்னையும் ஏற்றிக்கொண்டு கட்டுகஸ்தோட்டை வரை போனார். வாகன நெரிசலில் எஞ்சின் நின்றுவிட்டது. சத்தமே இல்லாமல் கார் நகர்ந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்து நாட்களுக்குள் ஒரு கார் சேலில் ஜப்பானில் இருந்து வந்த சிறிய ஹைபிரிட் ஒன்றை வாங்கிவிட்டேன்.

அது மே மாதம். அந்த வருடம் ஜூலை இரண்டாம் வாரத்தில் நோன்பு ஆரம்பம். புடவை வியாபாரி ஒருவனுக்கு வருடத்தில் மிகப் பெரிய கொள்முதல் செய்யும் நேரம். நானோ கைமுதலின் பெரும் பகுதியை எடுத்து காரில் போட்டிருந்தேன். புறக்கோட்டையில் ரொக்கத்துக்கு வாங்கிக் கழிவு பெற்றுப் பழகிய நான், அந்த வருடம் பின்திகதியிட்ட காசோலை எழுதிக் கொடுத்துக் கூடிய விலைக்குச் சரக்கு எடுத்தேன். அதுவும் போதவில்லை. பெருநாளைக்கு ஒரு கிழமை இருக்கும்போது பிள்ளைகளின் உடுப்பு முடிந்துவிட்டது. என் வாடிக்கையாளர்கள் எதிர்க் கடைக்குப் போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெருநாள் முடிந்து பேரேட்டைப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. அந்த ஒரு பருவத்தில் நான் இழந்த இலாபத்தை அந்தக் கார் பெற்றோலில் மீதப்படுத்தித் தர இரண்டு வருடம் எடுக்கும். காரில் குறை எதுவும் இல்லை. வாங்கிய நேரமும் பணம் எடுத்த இடமும்தான் பிழை.

ஹைபிரிட் எதனால் மீதப்படுத்துகிறது?

நம்மில் பலர் ஹைபிரிட் என்றால் பாதி மின்சாரம் இலவசம் என்று நினைக்கிறோம். மருமகனும் அப்படித்தான் நினைத்திருந்தான். சாதாரண ஹைபிரிட்டுக்கு வெளியில் இருந்து மின்சாரம் வருவதில்லை. அதில் ஓடும் மின்சாரம் எல்லாம் நாம் அடித்த பெற்றோலில் இருந்தே வருகிறது. வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்யும் பிளக்-இன் ஹைபிரிட் வேறு வகை.

அப்படியானால் மீதம் எங்கிருந்து வருகிறது? சாதாரண காரில் பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் நாம் காசு கொடுத்து வாங்கிய வேகம் சூடாகிக் காற்றோடு போய்விடுகிறது. ஹைபிரிட் காரில் பிரேக் மிதித்ததும் மின் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, அந்த வேகத்தில் ஒரு பகுதியை மின்சாரமாக்கிப் பெட்டரியில் சேர்க்கிறது. சிந்திய சில்லறையைப் பொறுக்கி உண்டியலில் போடுவது போன்ற வேலை. மீண்டும் கிளம்பும்போது அந்தச் சில்லறை செலவாகிறது.

இரண்டாவது, நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும். மூன்றாவது, இழுவை கூடிய நேரங்களில் மோட்டார் கைகொடுப்பதால் சிக்கனமாக வேலை செய்யும் ஒரு எஞ்சினை அதில் பொருத்த முடிகிறது.

ஆகவே அடிக்கடி நிறுத்திக் கிளம்பும் வீதியில்தான் ஹைபிரிட் தன் திறமையைக் காட்டும். கிரிபத்கொடயில் இருந்து புறக்கோட்டை வரையுள்ள நெரிசல் அதற்கு மிக உகந்த இடம். அதிவேகப் பாதையில் ஒரே வேகத்தில் போகும்போது பிடிக்க பிரேக்கும் இல்லை, அணைக்க எஞ்சினும் இல்லை. அங்கே சாதாரண காருக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் குறைந்துவிடும்.

இன்னொன்று. ஹைபிரிட் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே பொருள் அல்ல. டொயோட்டா பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதுவும், 2011 டிசம்பரில் வந்த அக்குவாவும் முழு ஹைபிரிட் வகை. குறைந்த வேகத்தில் எஞ்சின் இல்லாமல் மோட்டாரிலேயே சிறிது தூரம் ஓடும். நிசானின் இ-பவர் வகையில் சில்லைச் சுற்றுவது மோட்டார் மட்டும்தான். எஞ்சின் மின்சாரம் உற்பத்தி செய்ய மட்டும் வேலை செய்கிறது. சுசுகி வெகன் ஆர் போன்ற சிறிய கார்களில் வருவது மென்மையான ஹைபிரிட். அதில் சிறிய மோட்டார் எஞ்சினுக்கு உதவி செய்யும், அவ்வளவுதான். விலையும் மீதமும் வகைக்கு வகை மாறும். வாங்க முன்னர் எது எந்த வகை என்று கேளுங்கள்.

விளம்பரத்தில் உள்ள எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். அக்குவா வந்த காலத்தில் ஜப்பானியச் சோதனை முறையில் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்று அறிவிக்கப்பட்டது. ஏசியைப் போட்டுக்கொண்டு, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை மேட்டில் ஏறும் நமக்கு அது கிடைக்காது. என் காரில் பன்னிரண்டு வருடச் சராசரி லீற்றருக்கு 20 கிலோமீற்றர்.

கணக்குக்கு வருவோம்

மருமகனின் துண்டின் பின்பக்கத்தில் நான் எழுதிக் காட்டிய கணக்கு இது. சாதாரண கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றர், ஹைபிரிட் 20 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோல் விலையைக் கணக்குக்கு இலேசாக 300 ரூபா என்று எடுப்போம். ஒரே தரமான இரண்டு கார்களில் ஹைபிரிட்டின் விலை 10 இலட்சம் கூட என்று கொள்வோம். உங்கள் துண்டில் உள்ள உண்மையான எண்களை இந்த இடங்களில் போட்டுப் பாருங்கள்.

மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடுபவருக்குச் சாதாரண காரில் 125 லீற்றர், 37,500 ரூபா. ஹைபிரிட்டில் 75 லீற்றர், 22,500 ரூபா. மீதம் மாதம் 15,000 ரூபா.

இந்த 15,000 ரூபாவும் இலாபம் என்று எடுக்கக் கூடாது. பெரிய பெட்டரிக்கு ஒரு நாள் பணம் கொடுக்க வேண்டிவரும். கிலோமீற்றருக்கு 2 ரூபா வீதம் ஒதுக்கினால் மாதம் 3,000 ரூபா. எஞ்சுவது 12,000 ரூபா. வருடத்துக்கு 144,000 ரூபா. கூடுதலாகக் கொடுத்த 10 இலட்சம் திரும்பி வர ஏறத்தாழ ஏழு வருடம்.

மாதம் 3,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு இதே கணக்கில் மூன்றரை வருடம். மாதம் 600 கிலோமீற்றர் மட்டும் ஓடுபவருக்குப் பதினேழு வருடம். அதற்குள் காரே பழுதாகிவிடும்.

இனி வியாபாரி மட்டுமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மாதச் சம்பளக்காரரின் 10 இலட்சம் வங்கியில் இருக்கும். நம்முடைய 10 இலட்சம் கடையில் ஓடும். அந்தப் பணத்துக்குச் சரக்குப் போட்டு, வருடத்தில் நான்கு தடவை விற்று, செலவெல்லாம் போக ஒரு தடவைக்கு நூற்றுக்கு 5 வீதம் நின்றால், வருடத்துக்கு 2 இலட்சம். மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடும் ஹைபிரிட் தருவதோ 144,000 ரூபா. அப்படியானால் அந்தப் பணம் கடையில் இருப்பதே நல்லது. மாதம் 3,000 கிலோமீற்றர் ஓடினால் கார் தருவது 288,000 ரூபா. அங்கே கார் வெல்கிறது.

ஹைபிரிட்டுக்காகச் சொல்ல வேண்டிய நியாயமும் உண்டு. கூடுதலாகக் கொடுத்த பணம் முழுவதும் அழிந்துவிடுவதில்லை. பெட்டரி நல்ல நிலையில் இருந்தால் விற்கும்போது ஒரு பகுதி திரும்பி வரும். பெட்டரி சோர்ந்திருந்தால் வாங்குபவர் அதைச் சொல்லியே விலையை இறக்குவார்.

தவணைக்கு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லீசிங் ஆனாலும் சரி, இஜாரா ஆனாலும் சரி, மாதத் தவணை வரும் நாள் தவறாது. ஆனால் நம் வியாபாரம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். மிகக் குறைந்த வியாபாரம் உள்ள மாதத்தில் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். பெருநாள் மாதத்தின் கல்லாவைப் பார்த்துத் தவணை பேசியவர்கள் பலர் பின்னர் சிரமப்பட்டிருக்கிறார்கள்.

பெற்றோல் விலை நம் கையில் இல்லை

நான் கார் வாங்கி இரண்டு வருடம் ஆகு முன்பே, 2015 ஜனவரியில், பெற்றோல் லீற்றர் 117 ரூபாவுக்கு இறங்கியது. நாடே சந்தோஷப்பட்டது. நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் என் கார் மீதப்படுத்தும் தொகையும் அதோடு இறங்கிவிட்டது.

பின்னர் 2022 வந்தது. ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபா. விலையை விடப் பெரிய பிரச்சினை, பெற்றோலே கிடைக்காதது. இரவெல்லாம் வரிசையில் தூங்கினோம். கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்று ஒதுக்கினார்கள். அந்த 20 லீற்றரில் சாதாரண கார் 240 கிலோமீற்றர் போகும். எனக்குப் புறக்கோட்டை போய்வர 250 வேண்டும். ஹைபிரிட் இருந்ததால் 400 கிலோமீற்றர் போக முடிந்தது. வாரம் ஒரு தடவை கொழும்பு போனேன். பக்கத்துக் கடைக்காரர்கள் இருவரின் சரக்கையும் சேர்த்து ஏற்றி வந்தேன். அந்த மாதங்களில் என் கடை மூடப்படாமல் இருந்ததற்கு அல்ஹம்துலில்லாஹ், இந்தக் காரும் ஒரு காரணம்.

இதைச் சொல்லி ஹைபிரிட் வாங்குங்கள் என்று நான் வாதாடவில்லை. 2022 ஐ வைத்து மட்டும் கணக்குப் போட்டால் எல்லோரும் வாங்க வேண்டும். 2015 ஐ வைத்து மட்டும் போட்டால் ஒருவரும் வாங்கக் கூடாது. இடைப்பட்ட ஒரு விலையை வைத்துப் பாருங்கள்.

பெட்டரியும் என் துணி மூட்டையும்

ஹைபிரிட் என்றதும் எல்லோரும் பயப்படுவது பெட்டரிக்குத்தான். பயம் முற்றாகப் பொய்யல்ல. ஆனால் அது ஒரே ஒரு பெட்டி அல்ல என்று அறிந்துகொள்ளுங்கள். இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 28 சிறு தொகுதிகளும், முதல் தலைமுறை அக்குவாவில் 20 தொகுதிகளும் ஒன்றோடொன்று கோர்க்கப்பட்டுள்ளன. ஒன்று சோர்ந்தாலும் முழுப் பெட்டரியும் சோர்ந்தது போல் கார் நடந்துகொள்ளும்.

பெட்டரியின் எதிரி சூடு. அதைக் குளிர வைக்க ஒரு மின்விசிறி காரின் உள்ளே இருக்கும் காற்றை இழுக்கிறது. பல கார்களில் அந்தக் காற்று போகும் வழி பின் ஆசனத்தின் பக்கத்தில் இருக்கும். எனக்கு இது தெரியாது. ஐந்து வருடமாகப் புறக்கோட்டையில் இருந்து வரும்போதெல்லாம் பின் ஆசனத்தில் துணி மூட்டைகளை அடுக்கி அந்த வழியை அடைத்துக்கொண்டு வந்தேன். 2018 இல் ஒரு நாள் மாவனல்லையைத் தாண்டியதும் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. காரின் இழுவை குறைந்தது.

முதலில் போன கராஜில் முழுப் பெட்டரியையும் மாற்ற வேண்டும் என்றார்கள். இரண்டாவது இடத்தில் பாஸ் கொம்பியூட்டரைப் பொருத்தி ஒவ்வொரு தொகுதியையும் பார்த்தார். விசிறியைக் கழற்றி என் முன்னால் வைத்தார். அதில் நிறைந்திருந்தது என் கடைத் துணியின் பஞ்சு! சோர்ந்திருந்த இரண்டு தொகுதிகளை மாற்றினார். “இது தற்காலிகம், மற்றவையும் பழசு, ஒவ்வொன்றாக வரும்” என்று ஒளிக்காமல் சொன்னார். அவர் சொன்னபடியே அடுத்த வருடம் முழுப் பெட்டரியையும் மாற்றினேன். கிலோமீற்றருக்கு 2 ரூபா ஒதுக்குங்கள் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான். நான் ஒதுக்கியிருக்கவில்லை.

பழைய ஹைபிரிட் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை சில. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். கொம்பியூட்டரில் பெட்டரித் தொகுதிகளின் மின் அழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விசிறியின் வடிகட்டியைத் திறந்து பாருங்கள். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் ஏறுங்கள். சோர்ந்த பெட்டரி சமதரையில் ஒளிந்துகொள்ளும், மேட்டில் ஒளிய முடியாது. ஜப்பானிய ஏலச் சீட்டைக் கேட்டு வாங்கி மீற்றர் எண்ணோடு ஒப்பிடுங்கள். செம்மஞ்சள் நிற வயர்களில் உயர் மின் அழுத்தம் ஓடுகிறது. பயிற்சி இல்லாதவர்கள் அதில் கை வைக்க இடம் கொடுக்காதீர்கள்.

ஓட்டும் சந்தோஷம்

இவ்வளவு கணக்கும் சொல்லிவிட்டு ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. இந்தக் காரை ஓட்டுவதில் எனக்கு இன்றும் சந்தோஷம்தான்.

பேலியகொடை நெரிசலில் மற்ற வாகனங்கள் உறுமிக்கொண்டு நிற்க, என் கார் மூச்சு விடாமல் நிற்கும். உள்ளே ஏசி வேலை செய்யும், கிராஅத் தெளிவாகக் கேட்கும். முன்னால் உள்ள சிறு திரையில் மின்சாரம் பெட்டரிக்குப் போகிறதா, சில்லுக்குப் போகிறதா என்று அம்புக்குறிகள் காட்டும். அதைப் பார்த்து ஓட்டப் பழகியதால் என் ஓட்டமே மாறிவிட்டது. முன்னால் சிவப்பு விளக்கைக் கண்டால் தூரத்திலேயே காலை எடுத்துவிடுவேன். கடைசி நிமிடத்தில் அழுத்தி மிதித்தால் உண்டியலுக்குப் போகும் சில்லறை குறையும். முன்பு முந்திப் போவதில் இருந்த ஆசை போய்விட்டது.

கடுகண்ணாவை இறக்கத்தில் பெட்டரி நிறைவதைப் பார்ப்பது ஒரு தனிச் சுகம். ஆனால் அது நிறைந்த பிறகு மேலும் பிடித்து வைக்க இடமில்லை. அப்போது கியரை ‘பி’ என்ற இடத்துக்கு மாற்றினால் எஞ்சினே காரைப் பிடித்து இறக்கும், பிரேக் சூடாகாது.

சத்தமின்மையில் ஒரு ஆபத்தும் உண்டு. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமாருக்கு கார் பின்னால் வருவது கேட்காது. ஹோர்ன் அடித்து அவர்களைத் திடுக்கிட வைக்காமல், பொறுமையாகப் பின்னால் போங்கள்.

இந்தச் சந்தோஷத்துக்கு ஒருவர் பணம் கொடுப்பது தவறல்ல. உழைப்பவனுக்கு நல்ல வாகனம் ஒன்றில் ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனால் அதைச் சந்தோஷத்தின் செலவு என்றே எழுத வேண்டும். ‘பெற்றோல் மீதம்’ என்று பெயர் மாற்றி எழுதினால் ஏமாறுவது நாமே.

மருமகன் என்ன செய்தான்?

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. வரியோடு சேர்த்து விலைகள் நம்மில் பலரின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. ஆகவே பிழை செய்தால் பிழையின் விலையும் பெரிது.

ஒரு மாதம் மீற்றரைக் குறித்துவிட்டு வா என்று மருமகனை அனுப்பினேன். நேற்று வந்தான். அவனது பழைய கார் அந்த மாதம் ஓடியது 580 கிலோமீற்றர். அதில் பாதி, கடைக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும். சரக்கு விநியோகத்துக்கு மட்டும் வாடகை லொறிகளுக்கு அவன் கொடுத்தது, மாதம் முழுவதும் அடித்த பெற்றோலை விடப் பல மடங்கு.

“மாமா, எனக்குத் தேவை ஹைபிரிட் இல்ல போல. சின்ன லொறி ஒன்று” என்றான்.

“இப்போது நீ வியாபாரி மாதிரிப் பேசுகிறாய்” என்றேன்.

போகும்போது என் காரின் சாவியைக் கேட்டான். வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளைக் கண்டிக்குக் கூட்டிப் போக வேண்டுமாம். கொடுத்தேன். பின் ஆசனத்தில் மூட்டை எதுவும் வைக்காதே என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.